கோண்டாவில் பாம்பும் கொழும்புக் கேள்வியும்

யோகராணி காரணமில்லாமல் கோபப்படுகிறவள் என்றொரு பேச்சு, ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் அவள் குடியிருந்த கட்டடத்தில் உலவியது. அது அபாண்டம். காரணம் எப்போதும் இருந்தது. லிஃப்ற் பழுதானால் அது காரணம். லிஃப்ற்றைத் திருத்திவிட்டால், திருத்தக்கூடியதை ஏன் இவ்வளவு நாளும் திருத்தாமல் வைத்திருந்தார்கள் என்பது காரணம். மார்க்கம் நகரில் அவள் வேலை செய்த பெட்டியடைக்கும் தொழிற்சாலையின் சுப்பவைசர், பஸ்ஸில் இரண்டு பேருக்கான இடத்தில் கால் பரப்பி உட்காரும் பையன்கள், சித்திரை பிறந்த பிறகும் வெட்கமில்லாமல் விழுகிற பனி என்று ஒவ்வொன்றுக்கும் அவள் மனதில் தனித்தனிப் புகார்க் கோவை திறந்திருந்தது. அவள் கணவர் ஒஷாவாவில் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அங்கேயே அறையெடுத்துத் தங்கி, சனிக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்கு வந்தார். தூரம்தான் காரணம் என்று அவர் சொல்லுவார். யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

ஆனால் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாசி மாதம் அவளுக்கு வந்த கோபம் வேறு ரகம். அதற்கு அவளுடைய தம்பி காரணம், அகதி வழக்கு விசாரிக்கிறவர்கள் காரணம், நூலளவு பாம்பொன்றும் காரணம்.

தம்பி சச்சிதானந்தனுக்கு முப்பத்தொரு வயது. இந்தத் தகவலை யோகராணி ஏற்றுக்கொண்டதில்லை. தாய் செத்தபோது அவன் தவழ்ந்துகொண்டிருந்தான். அன்று இடுப்பில் தூக்கியவள் இன்னும் இறக்கிவிடவில்லை. ரொறன்ரோவுக்கு அவன் வந்து சேர்ந்த பிறகு பல் வைத்தியரிடம் கூடப் போனாள். நோகிறதா என்று வைத்தியர் அவனைக் கேட்டபோது, நோகிறது என்று அவளே பதில் சொன்னாள். முடி வெட்டுகிறவரிடம் காதுக்கு மேலே எவ்வளவு விடவேண்டும் என்று விரல் பிடித்துக் காட்டினாள். ஆங்கில வகுப்பில் பின்வரிசை வாங்கிலே போய் உட்கார்ந்து, உங்கள் பெயரையும் பதியட்டுமா என்று ஆசிரியை கேட்கும்வரை எழும்பவில்லை. மூத்த அக்கா கூட வருவதென்பது அவர்கள் வீட்டில் அனுமதி கேட்டுச் செய்கிற காரியமல்ல. நிழல் கேட்டுக்கொண்டா வருகிறது?

அவன்மேல் அவளுக்கு இருந்த ஒரே மனத்தாங்கல், அவன் கதவைப் பூட்டிக்கொண்டு நெடுநேரம் குளிப்பதும், ஆடி மாத வெக்கையில்கூடச் சட்டையைக் கழற்றாமல் திரிவதும்தான்.

"உன்னைக் குளிப்பாட்டி வளத்தவள் நான். என்னட்டை என்னடா வெக்கம்?"

சச்சி சிரித்துவிட்டுப் போய்விடுவான். அவன் பேசுகிறவன் அல்ல. வீட்டில் பேச்சு முழுவதையும் ஒருத்தியே பார்த்துக்கொள்ளும்போது மற்றவர்களுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போகும்.

அவனுடைய அகதி வழக்கின் முதல் அமர்வு ஐப்பசியில் நடந்தது. வழக்கறிஞருக்கு உதவியாளனாக இருந்த இக்னேசியஸ், வெளியாட்கள் உள்ளே வருவது சரியாக இருக்குமா என்று மெல்ல இழுத்தான். "நான் வெளியாளோ?" என்று யோகராணி கேட்டாள். அத்துடன் அந்த விவாதம் முடிந்தது. தம்பிக்குப் பின்னால், கை நீட்டினால் தோளைத் தொடுகிற தூரத்தில், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அகதிச் சபையிலிருந்து விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வந்தவரை எல்லாரும் மெம்பர் என்றார்கள். கண்ணாடி போட்ட, மிகவும் மரியாதையான மனிதர். யாழ்ப்பாணத்தில், அவர்களுடைய ஊரான கோண்டாவிலில் விழுந்த குண்டுகளைப் பற்றிக் கேட்டார், சச்சி சொன்னான். இடம்பெயர்ந்ததைக் கேட்டார், சொன்னான். பிறகு மெம்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்தில் இருக்க முடியாது, சரி, ஆனால் கொழும்பில் இருந்திருக்கலாமே, அதுவும் அதே தீவுதானே, அங்கே என்ன நடந்தது என்று கேட்டார்.

சச்சி ஒருமுறை திரும்பி அக்காவைப் பார்த்தான். அக்கா, சொல்லடா என்று தலையாட்டினாள்.

"பிடிச்சவை. விட்டவை" என்றான்.

மொழிபெயர்ப்பாளராக இருந்த கிளடிஸ், பிடித்தார்கள், விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வழக்கறிஞர் பேனையைத் திறந்து மூடினார்.

"அவ்வளவுதானா?" என்றார் மெம்பர்.

"ஓம்."

அமர்வு பங்குனிக்குத் தள்ளிப்போனது. கொழும்புக் கேள்விக்கு ஒழுங்கான மறுமொழி இல்லாவிட்டால் வழக்கு நிற்காது, ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று இக்னேசியஸ் தெளிவாகச் சொன்னான். அன்றிலிருந்து யோகராணி தம்பியைக் குடைந்தாள். பிடித்தவர்கள் என்ன கேட்டார்கள், எங்கே வைத்திருந்தார்கள், ஏன் வாயைத் திறக்கவில்லை? சோறு போடும்போது கேட்டாள், பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டாள், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள்.

"அதுதான் சொல்லிப்போட்டனே அக்கா. பிடிச்சவை. விட்டவை."

இனிப் பாம்பு.

சச்சி ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அக்கா கேட்டனுப்பியிருந்தது ஒன்றே ஒன்று: வீட்டு வளவுக் கிணற்றடியில் நின்ற கறிவேப்பிலையிலிருந்து ஒரு கன்று. அவன் அதை வேரடி மண்ணோடு கிண்டி, பால்மா ரின்னில் வைத்து, கொழும்பு லொட்ஜிலும், ஏஜென்ற் கூட்டிக்கொண்டு திரிந்த விமான நிலையங்களிலும் கூடவே கொண்டு திரிந்தான். கடைசி விமானத்தில் கடவுச்சீட்டைக் கிழித்துக் கழிவறை ஓட்டையில் போட்டுவிடச் சொன்ன ஏஜென்ற், ரின்னையும் போடச் சொன்னான். கடவுச்சீட்டைப் போட்டான். ரின்னைப் போடவில்லை. அக்கா கேட்டது அதற்குள் அல்லவா இருந்தது.

கன்று அவர்களுடைய ஏழாம் மாடி வரவேற்பறையின் ஹீற்றருக்குப் பக்கத்தில் நின்று, வெளியே உலகம் வெள்ளையாகச் செத்துக்கிடந்த மாதங்களிலும் துளிர்த்தது. யோகராணி அதைப் பெரிய சாடிக்கு மாற்றுவதற்காக மாசியில் ஒருநாள் குசினித் தரையில் பேப்பர் விரித்து மண்ணைக் கொட்டினாள். சிவந்த மண்ணுக்குள்ளிருந்து கறுப்பாக, மினுங்கிக்கொண்டு, சப்பாத்துக் கயிறு மாதிரி ஒன்று நெளிந்தது.

மண்புழு என்றுதான் நினைத்தாள். அது நாக்கை நீட்டியது.

அவள் போட்ட சத்தத்துக்கு முதலில் வந்தது மகள் நிலாணி. பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறவள். பயப்படுவதற்கு முன் குனிந்து பார்க்கப் பழகியிருந்தாள்.

"அம்மா, டோன்ட் மூவ். இது வேர்ம் இல்லை. ஸ்நேக்!"

"எனக்குத் தெரியும் அது என்னவெண்டு. எடுத்தெறி!"

"நோ வே. எவ்வளவு கியூட்டா இருக்கு. கண்ணைப் பாருங்கோ, ரெண்டு புள்ளி."

அதற்குள் எதிர்வீட்டு இராசமணி அன்ரி, கதவு திறந்திருந்ததால் தட்டாமலே, உள்ளே வந்து நின்றாள். மட்டக்களப்பிலிருந்து வந்தவள். பாம்புத் தெய்வமான நாகதம்பிரானுக்குப் பொங்காமல் எந்த வைகாசியையும் விட்டதில்லை. பேப்பரில் நெளிந்ததைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அடிச்சிராதகா! உன்ர தம்பியோட கடல் தாண்டி வந்திருக்கு. வழக்கு முடியிற நேரம் பாத்து வெளியில வந்திருக்கு. ஆரெண்டு நினைக்காய் நீ?"

"ஆர்?" என்றாள் யோகராணி.

"ஆரோ எண்டு கேக்காள். மண்ணைப் போட்டு மூடு. பாலை வார்."

யோகராணிக்குப் பக்தி அளவோடுதான். ஆனால் பங்குனி கிட்டிக்கொண்டிருந்தது. சாடியில் கன்றையும் பாம்பையும் மண்ணையும் திரும்பப் போட்டு, பிரிஜ்ஜிலிருந்த பால் பையை அவிழ்த்து வார்த்தாள். நிலாணி, பாம்பு பால் குடிக்காது, இது எறும்பு முட்டை தின்கிற சாதி, மூச்சுமுட்டிச் சாகப்போகிறது என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் கத்தினாள். இரண்டு மொழியிலும் அவளை யாரும் கேட்கவில்லை. இராசமணி அன்ரி அடுத்தநாளும் பால் கொண்டுவந்தாள். அதற்கடுத்த நாள் முட்டையும் உடைத்து ஊற்றினாள்.

ஹீற்றர் வெக்கைக்குப் பாலும் முட்டையும் புளித்து, மணம் லிஃப்ற் வரைக்கும் போனது. பாம்பு, எந்த உயிரும் செய்வதைச் செய்தது: வெள்ளத்திலிருந்து தப்பி மேலே ஏறி, கன்றின் தண்டைச் சுற்றிக்கொண்டு தொங்கியது. "காட்சி தருதுகா!" என்று இராசமணி அன்ரி தேவாரம் தொடங்கினாள். நிலாணி ஊறுகாய்ப் போத்தலைக் கழுவி, அதில் பாம்பை எடுத்து, மேல்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். அன்ரி தேவாரத்தை முடித்துக் கண்ணைத் திறந்தபோது கன்று மட்டும் நின்றது. கடவுள் மறைந்துவிட்டதாகவே அவள் அதை எடுத்துக்கொண்டாள்.

நிலாணியின் பேராசிரியர் அன்றே வீட்டுக்கு போன் எடுத்தார். அப்படியொரு பாம்பு அந்தத் தீவில் மட்டும்தான் உண்டாம், அதிலும் வடக்கிலே வறண்ட மண்ணில் எங்கோ சில இடங்களில்தான் கண்டிருக்கிறார்களாம், உயிரோடு ஒன்றைத் தன் வாழ்நாளில் பார்ப்பேன் என்று அவர் நினைத்திருக்கவில்லையாம். குரல் தழுதழுத்ததாக நிலாணி சொன்னாள். நீங்கள் கட்டாயம் வந்து பார்க்கவேண்டும் என்றாராம்.

யோகராணி போனாள். அந்தப் பேராசிரியருக்கு ஒரு குறையையும் சொல்ல முடியாது. கதிரை தந்தார், தேநீர் தந்தார், பெயரைச் சரியாகச் சொல்ல மூன்றுதரம் முயன்றார். பிறகு பாம்பின் இருப்பிடத்தைக் காட்டினார்.

கண்ணாடிப் பெட்டி. ஒரு பக்கம் ஈரமண், மறுபக்கம் காய்ந்த மண். எது விருப்பமோ அதில் இருக்கலாம். மேலே விளக்கு, உள்ளே வெப்பமானி. உணவுக்கு எறும்பு முட்டை இன்னொரு ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. அது மண்ணுக்குள் போகும் நேரத்தையும் வெளியே வரும் நேரத்தையும் குறிக்க ஒரு மாணவனை நியமித்திருந்தார்கள். வந்த மறுநாளே மிருக வைத்தியர் வந்து பார்த்திருந்தார். அனுமதியில்லாமல் நாட்டுக்குள் வந்த பிராணி என்பதால் சட்டப்படி ஒரு சிக்கல் இருந்ததாம். பேராசிரியர் மேலிடத்தில் பேசி, விசேட கருணையின் பேரில் அதைத் தீர்த்துவிட்டாராம்.

"எவ்வளவு நாளில தீத்தவராம்?" என்று யோகராணி மகளைக் கேட்டாள்.

"வன் ஆஃப்டர்நூன், அம்மா."

சச்சி பதினாறு மாதமாகக் காத்திருந்தான். பாம்பும் அவனும் ஒரே விமானத்தில், ஒரே ஏஜென்ற்றோடு, ஒரே விதமாகக் கடவுச்சீட்டு இல்லாமல் வந்தவர்கள். யோகராணிக்குக் காது சூடானது. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டு, "உந்தப் பாம்பை எப்ப திருப்பி அனுப்பப் போறாராம் எண்டு கேள்" என்றாள்.

நிலாணி கேட்டாள். பேராசிரியர் தேநீரைக் கீழே வைத்தார்.

"திருப்பி அனுப்புவதா? அங்கே யுத்தம் நடக்கிறதே!" என்றார். அம்மாவுக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம் என்று நினைத்தோ என்னவோ, சுவரிலிருந்த உலகப்படத்தில் இலங்கையைத் தேடிப்பிடித்து, அதன் உச்சியில் விரலை வைத்து, இந்தப் பகுதி முழுக்கக் குண்டும் கண்ணிவெடியும், மண்ணையே கிளறிப் புரட்டியிருக்கிறார்கள், எந்தச் சிற்றுயிரும் அங்கே பத்திரமாக இருக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினார். கோண்டாவிலில் பிறந்த யோகராணி, கோண்டாவில் எங்கே இருக்கிறது என்பதை அவருடைய விரல் நுனியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி. அப்ப கொழும்பில விடலாமே? அதுவும் அதே தீவுதானே எண்டு கேள்."

"அம்மா…"

"கேளடி!"

பேராசிரியர் சிரித்தேவிட்டார். எல்லாரும் செய்கிற தவறு இது என்றார். சின்னத் தீவுதானே, எங்கே விட்டாலும் ஒன்றுதான் என்று தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். கொழும்பு மண் வேறு, ஈரம் வேறு, அங்குள்ள பகைகள் வேறு. அங்கே இதற்கு ஒளிய இடமே இருக்காது. வடக்கிலே பிறந்த உயிரை அங்கே கொண்டுபோய் விடுவது கொல்வதற்குச் சமம்.

பேராசிரியரின் மேசையிலிருந்த தேநீர்க் கோப்பைகள் அன்று தப்பியதற்கு நிலாணி அம்மாவின் கையைப் பிடித்திருந்தது மட்டுமே காரணம்.

"பாம்புக்கு விளங்கியிருக்கு!" பஸ் நிறுத்தத்தில், பனிக்குள், வந்துபோன இரண்டு பஸ்களையும் ஏறாமல் விட்டுவிட்டு அவள் கத்தினாள். "பாம்பு வாயைத் திறக்கேல்லை. ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அதுக்கு எல்லாம் தானா விளங்குது. என்ர தம்பியை மட்டும் இருத்தி வைச்சுக் கேக்கினம், கொழும்பில ஏன் இருக்கேல்லை, கொழும்பில ஏன் இருக்கேல்லையெண்டு!"

"ஹீ இஸ் எ பயாலஜிஸ்ட், அம்மா. அவருக்கும் மாமான்ர கேஸுக்கும்…"

"அப்ப மெம்பர் வேலைக்கு ஒரு பயாலஜிஸ்ற்றைப் போடச் சொல்லு!"

அடுத்த கிழமை உள்ளூர்ப் பேப்பர் ஒன்றில் பாம்பின் படம் வந்தது. பேராசிரியர் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில், பேரப்பிள்ளையைக் காட்டுகிறவர் போல நின்றார். அவர் சொன்னதெல்லாம் இருந்தது: யுத்தம், கொழும்பு மண், கொல்வதற்குச் சமம். தலைப்பை நிலாணி மொழிபெயர்த்தாள்: 'இலங்கையிலிருந்து வந்த ஒரு மெல்லிய அகதி.'

யோகராணி அந்தத் தலைப்பைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். சச்சியை யாரும் இதுவரை அகதி என்று எழுதவில்லை. கோரிக்கையாளர் என்றே எழுதினார்கள். அகதி என்று சொல்வதற்கு அத்தாட்சி வேண்டுமாம். பாம்புக்கு நிருபர் ஒருவர் போதுமாக இருந்தார்.

பேப்பரை வெட்டி, பொலித்தீன் உறையில் போட்டு, இக்னேசியஸின் மேசையில் வைத்தாள்.

"அக்கா…" இக்னேசியஸ் வாசித்துவிட்டு நெற்றியைத் தடவினான். "உதைக் கொண்டுபோய்க் குடுத்தா மெம்பர் சிரிப்பார்."

"சிரிக்கட்டும். போனமுறை மட்டும் என்ன அழுதவரே?"

"பாம்பின்ர கதை வேற. எங்களுக்கு வேண்டியது சச்சியண்ணை கொழும்பில என்ன நடந்ததெண்டு தன்ர வாயால சொல்லுறது. நான் தனிய வைச்சுக் கதைச்சுப் பாக்கட்டோ?"

"அவன் என்னட்டைச் சொல்லாததையோ உம்மட்டைச் சொல்லப்போறான்?"

இக்னேசியஸ் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து, அதை விழுங்கிவிட்டான்.

பங்குனி அமர்வுக்கு அவள் தம்பியை விடிய எழுப்பினாள். சட்டையை அயன் பண்ணிக் கொடுத்தாள். அதைக் காற்சட்டைக்குள் விடச்செய்து, பெல்ற் இறுக்கமா என்று இழுத்துப் பார்த்தாள். இராசமணி அன்ரி பாம்பில்லாத சாடியிலிருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து அவன் நெற்றியில் வைத்தாள். புளித்த பால் மணத்தோடு அவன் சுரங்க ரயிலேறினான்.

அதே அறை, அதே கண்ணாடி, அதே மரியாதை. சுற்றிவளைக்காமல் மெம்பர் கேட்டார்: கொழும்பில் என்ன நடந்தது?

சச்சி திரும்பி அக்காவைப் பார்த்தான்.

"பிடிச்சவை" என்றான். "விட்டவை."

யோகராணி எழும்பினாள். அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அந்த அறையின் ஒழுங்குவிதிகளில் எழுதப்பட்டிருக்கவில்லை. கைப்பையைத் திறந்தாள், உறையை எடுத்தாள், வழக்கறிஞரின் கையைத் தள்ளிவிட்டு மெம்பருக்கு முன்னால் மேசையில் அறைந்து வைத்தாள்.

"வாசியுங்கோ! உங்கட ஆள்தான் சொல்லியிருக்கிறார். கோண்டாவில் பாம்பைக் கொழும்பில விட்டாச் செத்துப்போகுமாம். அது ஒளியவும் இடமில்லையாம். பாம்புக்கு உண்டான நீதி மனிசனுக்கு இல்லையோ? உங்களுக்கு வெக்கமா இல்லையோ?"

மெம்பர் கிளடிஸைப் பார்த்தார். கிளடிஸ் தண்ணீர் குடித்தாள். பிறகு ஏற்ற இறக்கமில்லாத குரலில், இந்த அம்மா ஒரு பத்திரிகைச் செய்தியைச் சமர்ப்பிக்க விரும்புகிறார், விலங்குகளுக்கும் மனிதருக்குமிடையே காட்டப்படும் வேறுபாடு குறித்துக் கவலை தெரிவிக்கிறார் என்று மொழிபெயர்த்தாள்.

மெம்பர் செய்தியை முழுவதுமாக வாசித்தார். சிரிக்கவில்லை. உறையை ஓரமாக வைத்து, சச்சியிடம் கேட்டார்: "இந்தப் பாம்புக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு?"

"ஒரே வளவு" என்றான் சச்சி.

கிளடிஸ் மொழிபெயர்த்தாள். எழுதிக்கொண்டிருந்த வழக்கறிஞர் எழுதுவதை நிறுத்தினார்.

செய்தியை ஆவணமாக ஏற்றுக்கொள்வதாக மெம்பர் சொன்னார். ஆனால் இந்த அம்மா தயவுசெய்து வெளியே இருக்கவேண்டும்.

"நான் ஏன் வெளியில போகவேணும்? நான் பக்கத்தில இல்லாட்டி அவனுக்கு வாயே வராது!"

இதைக் கிளடிஸ் ஒரு சொல்லும் குறைக்காமல் மொழிபெயர்த்தாள். மெம்பர் சச்சியை நெடுநேரம் பார்த்தார். அவனுடைய தலைக்கு மேலால் அக்காவைப் பார்த்தார். மீண்டும் அவனைப் பார்த்தார்.

"அப்படியா? உங்களுடைய விருப்பம் என்ன, சேர்?"

சச்சி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா வெளியில இருக்கட்டும்."

யோகராணிக்கு அது உடனே விளங்கவில்லை. கிளடிஸ் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்து, இக்னேசியஸ் எழும்பிக் கதவைத் திறந்துபிடித்த பிறகுதான் விளங்கியது.

தாழ்வாரத்தில் ஒரு வாங்கு, ஒரு தண்ணீர்க் குழாய், யாரோ விட்டுப்போன குழந்தைக் கையுறை ஒன்று. அவள் வாங்கில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அவர்கள் சொன்னதைக் கேட்டதாகிவிடும். தவழ்ந்த காலத்திலிருந்து தூக்கினவள். பல் வைத்தியருக்குப் பதில் சொன்னவள். கன்று கேட்டாள், அதனால்தானே பாம்பு வந்தது, பாம்பு வந்ததால்தானே பேப்பர் வந்தது. அவளையா வெளியே? மெம்பரின் மேல் ஒரு கோவை திறந்தாள். கிளடிஸ் மேல் ஒன்று. தம்பியின் மேல் ஒன்று திறக்கப்போனபோது, மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது.

சச்சியின் குரல். சொற்கள் கேட்கவில்லை, கதவு தடிப்பம். ஆனால் அது நிற்கவில்லை. அவன் சொல்லுவான், கிளடிஸ் சொல்லுவாள், அவன் சொல்லுவான். தன் தம்பி தொடர்ச்சியாக இவ்வளவு நேரம் பேசி யோகராணி கேட்டதேயில்லை. வெறும் குரலாகக் கேட்கும்போது அது வேறு யாரோ வளர்ந்த ஆண்பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. ஒருதரம் 'கொழும்பு' என்ற சொல் மட்டும் பிசகாமல் வெளியே வந்தது. பிறகு குரல் நின்றது. ஒரு கதிரை இழுபட்டது. ஒருவரும் பேசவில்லை. அந்த ஒருவரும் பேசாத நேரம்தான் எல்லாவற்றிலும் நீளமாக இருந்தது.

கதவு திறந்து கிளடிஸ் வந்தாள். குழாயடியில் குனிந்து தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டாள்.

"என்னவாம் பிள்ளை? என்ன சொல்லுறான்?"

"நான் ஒண்டும் வெளியில சொல்லக்கூடாது அக்கா." கிளடிஸ் கைலேஞ்சியைத் தேடினாள், அகப்படவில்லை, சட்டைக் கையாலேயே முகத்தைத் துடைத்தாள். "நீங்கள் வெளியில வந்தது நல்லது."

அரை நிமிடம் யோகராணிக்கு இது பச்சை அவமானமாகப்பட்டது. என்ன துணிச்சல், நேற்றைய பெட்டை, என்னைப் பார்த்து, என்று வாய்வரை வந்தது. கிளடிஸ் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

யோகராணி அந்தக் கதவைப் பார்த்தாள். ஐப்பசி அமர்வில் அவன் திரும்பிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. துணைக்குப் பார்க்கிறான் என்றல்லவா அவள் தலையாட்டினாள்.

பிறகு வாங்கில் உட்கார்ந்தாள்.

வெளியே முதலில் வந்தது இக்னேசியஸ். "அக்கா, ஏத்துக்கொண்டிட்டினம்! இண்டைக்கே, இதிலயே வைச்சுச் சொல்லிப்போட்டார்!"

பின்னால் சச்சி வந்தான். காலையில் அவள் உள்ளே விடச்செய்து இறுக்கிய சட்டை, பின்பக்கம் வெளியே தொங்கியது. அவன் ஒரு கையால் அதைக் காற்சட்டைக்குள் திணித்துக்கொண்டிருந்தான். அக்கா பார்க்கிறாள் என்று கண்டதும் கை அப்படியே நின்றது.

அவனுடைய முதுகை அவள் கடைசியாக எப்போது பார்த்தாள்? ஊரில், கிணற்றடியில், பள்ளிக்கூடக் காலத்தில்.

ஆடி மாதம் சட்டையோடு திரிந்தவன்.

கேள்வி தொண்டைவரை வந்துவிட்டது. சோறு போடும்போது கேட்டதுபோல, கதவுக்கு வெளியே நின்று கேட்டதுபோல, அதே கேள்வி. அவள் இக்னேசியஸின் பக்கம் திரும்பினாள்.

"பாம்பாலதானே?" என்றாள், அந்தத் தளம் முழுக்கக் கேட்கும்படி. "நான் சொன்னனோ இல்லையோ? சிரிப்பார் எண்டீர்!"

இக்னேசியஸ் சச்சியைப் பார்த்தான்.

"ஓம் அக்கா" என்றான் சச்சி. "பாம்பாலதான்."

கட்டடத்தில் அதுதான் வரலாறாக நிலைத்தது. லிஃப்ற்றில் ஏறியவர்கள் எல்லாரும் ஏழாம் மாடி வருவதற்குள் அதைக் கேட்டார்கள்: கோண்டாவில் பாம்பு கனடாவில் சாட்சி சொன்ன கதை. இராசமணி அன்ரி சாடிக்கு மறுபடியும் பால் வார்க்க வந்தாள். யோகராணி பால் பையைப் பறித்துத் தேநீர் போட்டுவிட்டாள். மெம்பர் மேல் இருந்த கோவையை அவள் மூடவில்லை. ஒரு மனிதன் சட்டையைக் கழற்றித்தான் நம்பவைக்க வேண்டுமென்றால் அதென்ன விசாரணை என்று அவளுக்குள் கொதித்தது. ஆனால் அதை லிஃப்ற்றில் சொல்லவில்லை. சமைக்கும்போது சட்டிகளிடம் மட்டும், தாளிக்கிற சத்தத்துக்குள், சொன்னாள்.

சனிக்கிழமை சச்சியே கேட்டான்: "அக்கா, அதைப் போய்ப் பாத்திட்டு வருவமோ?"

நிலாணி கூட்டிக்கொண்டு போனாள். ஆய்வுகூடத்தில் விளக்குகள் தணிந்திருந்தன. பெட்டிக்குள் மண் மட்டும் தெரிந்தது. சச்சி முழங்காலில் இருந்து, கண்ணாடிக்கு நேரே முகத்தை வைத்துப் பார்த்தான்.

"எங்க அது? காணேல்லை. இவ்வளவு தூரம் வந்த ஆக்களுக்கு முகம் காட்டமாட்டாவாமோ?" யோகராணிக்குப் பொறுக்கவில்லை. பாம்பென்றால் என்ன, ஊர்க்காரர் வந்தால் வெளியே வரவேண்டாமா? கண்ணாடியில் தட்டுவதற்கு விரலை மடக்கிக்கொண்டு குனிந்தாள்.

பெட்டியில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது.

"என்ன எழுதியிருக்கு?"

"தட்ட வேண்டாமாம்" என்றாள் நிலாணி. "அது இருட்டைத்தான் விரும்புமாம். வரவேணுமெண்டு நினைச்சா தானா வருமாம்."

யோகராணி விரலை மடக்கியபடியே கொஞ்ச நேரம் நின்றாள். பக்கத்தில் தம்பி குனிந்திருந்தான். அவன் குனிந்ததில் சட்டை பின்னால் கொஞ்சம் மேலேறியிருந்தது. அவள் பார்க்காமல் எட்டி, அதைக் கீழே இழுத்துவிட்டாள். பிறகு கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வெளிச்சம் காணாது உதுக்குள்ள" என்று மட்டும் முணுமுணுத்தாள். "ஆருக்குத்தான் உதைப் பாக்க ஏலும்."